பன்னிரண்டு முகங்களின் தகடு: மொரீஷியஸ் அஞ்சல்தலைகளின் தடத்தில்

போர்ட் லூயி: துறைமுகக் கரை

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்த மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயி, பிரிட்டனின் காலனிகளுள் அரசின் பெயரால் அஞ்சல்தலை வெளியிட்ட முதல் ஊர் என்பதால், அஞ்சல்தலை வரலாறு பயில்வோர் ஒருமுறையேனும் கண்டுவர விரும்பும் இடமாக விளங்குகிறது. 1847 செப்டம்பர் 21ஆம் நாள் வெளிவந்த இரண்டு தலைகளும், 1848 முதல் 1859 வரை அதே ஊரில் செதுக்கி அச்சிடப்பட்ட தலைகளும் அத்துறையின் நுட்பமான கலையொன்றுக்குப் பாடநூலாகிவிட்டன. தமிழில் அதனைத் தகட்டிடம் அறிதல் எனலாம். பழைய அஞ்சல்தலைகள் பெரும்பாலும் பல தலைகளை வரிசை வரிசையாகக் கொண்ட ஓர் உலோகத் தகட்டிலிருந்து ஒரே தாளில் ஒருங்கே அச்சாகி, பின்னர் கத்தரியால் வெட்டிப் பிரிக்கப்பட்டவை ஆதலின், இன்று தனியே கிடைக்கும் ஒரு தலை அத்தகட்டின் எந்த வரிசையில் எத்தனையாவதாக இருந்தது என்பதை அதன் கோடுகளையும் எழுத்துகளையும் கொண்டு கண்டறிவதே அக்கலை.

சென்னைத் துறைமுகத்தை அறிந்தவருக்குப் போர்ட் லூயி வியப்பளிக்கும். சமநிலத்தில் மதில்களுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் துறைமுகமாக அன்றி, நீர்விளிம்பிலிருந்து சில தெருக்கள் கடந்ததுமே செங்குத்தாக எழும் எரிமலைப் பாறைகளை முதுகுக்குக் கொண்ட துறைமுகமாக அது அமைந்திருக்கிறது. கரையோரத்தில் கருங்கல்லால் கட்டிய பழைய அஞ்சல் நிலையமும் அதனைச் சார்ந்த அஞ்சல் அருங்காட்சியகமும் நிற்கின்றன. அவற்றுக்கு மிக அருகிலேயே, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்தோர் இறங்கிப் பதிவு செய்யப்பட்ட ஆப்பிரவாசி காட் உள்ளது. 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் வந்த முப்பத்தாறு பேரில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் மக்கள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1849இல் எழுந்த அந்தக் குடிவரவு நிலையத்தின் எஞ்சிய பகுதி 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

கப்பலிலிருந்து இறங்கியோர் ஏறிய பதினாறு கற்படிகளைக் காட்டும் வழிகாட்டிகள், தங்கள் முன்னோரும் இவற்றின் வழியேதான் வந்தனர் என்பதைச் சொல்லத் தவறுவதில்லை. அவர்களுள் தமிழ் மரபினரான ஒருவர், வந்திருப்பவர் தமிழ்நாட்டார் என்று அறிந்ததும் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் கூறிவிட்டு, எஞ்சிய அனைத்தையும் கிரியோல் கலந்த ஆங்கிலத்திலேயே விளக்கினார். இங்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டதென்றும், பெயர் எவ்வளவு சிதைந்தாலும் அவ்வெண் மாறாமல் நின்றதால் இன்றைய தலைமுறையினர் அதைக்கொண்டே மூதாதையரைத் தேடுகின்றனர் என்றும் அவர் கூறியது, அஞ்சல்தலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத கூற்றாயினும், அடுத்து வந்த நாட்களில் கண்டவற்றுக்கெல்லாம் முன்னுரையாக அமைந்தது.

கௌடன்: சில நிமிட வெளிச்சம்

துறைமுகத்தின் தென்கரையில், கடைகளும் உணவகங்களும் நிறைந்த கௌடன் பகுதியில் புளூ பென்னி அருங்காட்சியகம் இருக்கிறது. மொரீஷியஸ் கமர்ஷியல் வங்கியின் முயற்சியால் 2001இல் திறக்கப்பட்ட இதன் மாடியறை ஒன்றில், 1847ஆம் ஆண்டின் ஒரு பென்னித் தலையும் இரண்டு பென்ஸ் தலையும் பயன்படுத்தப்படாத நிலையில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஜப்பானியச் சேகரிப்பாளரான ஹிரோயுகி கனாயின் புகழ்பெற்ற மொரீஷியஸ் தொகுப்பு 1993இல் சூரிச் நகரில் ஏலத்துக்கு வந்தபோது, அவ்வங்கியின் தலைமையில் மொரீஷியஸ் நிறுவனங்கள் பல ஒன்றுகூடி ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் செலவிட்டு இவ்விரண்டையும் தாயகத்துக்கு மீட்டு வந்தன. ஒளி பட்டால் வண்ணம் மங்கும் என்பதால் மணிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே மூலத் தலைகளின் மீது விளக்கு எரிகிறது; மற்ற நேரமெல்லாம் பார்வையாளர் காண்பது நகல்களையே. விளக்கு எரியும் வேளைக்காகக் காத்திருந்த சிறு கூட்டத்தில் இருந்த பள்ளி மாணவர்கள், ஆரஞ்சும் நீலமுமான அந்தச் சிறு தாள்கள் தோன்றியதும் அவற்றின் விலையை ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொண்டனர்.

இவ்விரு தலைகளையும் செதுக்கியவர் போர்ட்ஸ்மவுத் நகரில் 1816இல் பிறந்த ஜோசப் ஒஸ்மண்ட் பர்னார்ட். கப்பலொன்றில் ஒளிந்து பயணம் செய்து 1838இல் இத்தீவில் வந்து சேர்ந்தவர். சிற்றுருவ ஓவியமும் செதுக்கலும் அறிந்தவர். சிறிய செம்புத் தகடு ஒன்றில் விக்டோரியா அரசியின் இடப்பக்கம் நோக்கிய தலையை ஒரு பென்னிக்கு ஒன்றும் இரண்டு பென்ஸுக்கு ஒன்றுமாக அவர் வெட்டினார். கழுத்தின் அடியில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்தார். ஒவ்வொரு மதிப்பிலும் ஐந்நூறு தலைகள் அச்சாயின. ஆளுநர் வில்லியம் கோமின் மனைவி நடத்திய மாறுவேட நடன விருந்துக்கான அழைப்புறைகளில் ஒரு பென்னித் தலைகள் ஒட்டப்பட்டன. இரு மதிப்புகளும் சேர்ந்து இன்று உலகில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு.

இத்தலைகளின் இடப்பக்கத்தில் ‘போஸ்ட் ஆபீஸ்’ என்று பொறிக்கப்பட்டிருப்பது பிழை என்றும், ‘போஸ்ட் பெய்ட்’, அதாவது கட்டணம் செலுத்தப்பட்டது, என்று இருந்திருக்க வேண்டியதை மறந்துபோன கைவினைஞர் அஞ்சல் நிலைய வாயிலின் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிவிட்டார் என்றும் நெடுநாள் ஒரு கதை வழங்கிவந்தது. பார்வை மங்கிய கடிகாரக்காரர் என்று பர்னார்டைச் சித்திரித்த அக்கதைக்கு ஆவணச் சான்று இல்லை. 1845இல் நியூயார்க் அஞ்சல் தலைவர் வெளியிட்ட தலையிலும் ‘போஸ்ட் ஆபீஸ்’ என்ற சொல்லே இருப்பதால், அக்காலத்தில் அது இயல்பான வாசகம் என்பது தெளிவு. இவ்வறையின் புகழ் பெரிதும் அக்கதையாலும் விலையாலும் வளர்ந்தது; தகட்டிடம் தேடுவோருக்கோ இவ்விரு தலைகளிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் தகட்டில் ஒரே செதுக்கல் இருந்ததால், அதிலிருந்து பிறந்த ஐந்நூறும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. தலைகளின் பிறப்பிடம் புதிராவது அடுத்த ஆண்டில்தான்.

மத்திய அங்காடி: கையின் தடங்கள்

கௌடனிலிருந்து சாலையைக் கடந்தால் சிறிது தொலைவில் மத்திய அங்காடி. அதன் முகப்பில் தால் பூரி விற்பவர்களிடம் காலையிலேயே கூட்டம் நிற்கிறது. மெல்லிய இரட்டைப் பூரிக்குள் அவரைக்கறியும் தக்காளித் தொக்கும் ஊறுகாயும் வைத்துத் தாளில் சுருட்டித் தருகின்றனர். அடுத்த கடையில் எண்ணெயிலிருந்து எடுக்கும் ‘கத்தோ பிமான்’ நம் பருப்பு வடையின் சிற்றுருவமே. ஆனால் அதனை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் பொதிந்து காலையுணவாக உண்கின்றனர். கீரைக் கடைகளில் முருங்கைக் கீரையும் பீர்க்கங்காயும் பிரெஞ்சு ஒலிப்பில் வழங்கும் தமிழ்ப் பெயர்களோடு குவிந்து கிடக்கின்றன. சில்லறையாகத் திரும்பி வரும் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும், அதன் கீழ் இந்தியும் அச்சாகியுள்ளன. 1998இல் இந்த வரிசையை மாற்றி வெளியிட்ட தாள்கள் தமிழ்ச் சமூகத்தின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன என்பதை அங்காடியில் எல்லோரும் அறிவர். அச்சான தாளில் ஒரு வரி எந்த இடத்தில் நிற்கிறது என்பது இத்தீவில் சிறு செய்தி அன்று.

அங்காடியை அடுத்த தெருவொன்றில் நாணயமும் பழந்தாள்களும் விற்கும் சிறு கடை நடத்தும் முதியவர், தமிழ் வழிவந்தவராயினும் தமிழில் எண்களை மட்டுமே சொல்லத் தெரிந்தவர், 1848ஆம் ஆண்டின் ‘போஸ்ட் பெய்ட்’ தலைகளைப் பற்றிய பேச்சு எழுந்ததும் மேசையறையிலிருந்து பெரிதாக்கிய நகல் ஒன்றை எடுத்து விரித்தார். கிடையாக மூன்றும் நெடுக்காக நான்குமாகப் பன்னிரண்டு அரசியர் அதில் இருந்தனர். புதிய தலைகளுக்காக இரு மதிப்புகளுக்கும் தனித்தனியே செம்புத் தகடு எடுத்துக்கொண்ட பர்னார்ட், ஒவ்வொரு தகட்டிலும் அதே முகத்தைப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக, தம் கையாலேயே செதுக்கினார். அச்சில் நேராக விழ வேண்டியவற்றைத் தகட்டில் இடவலமாகத் தலைகீழாக்கி, எழுத்துகளையும் திருப்பி வெட்டும் வேலை அது. கூர்முனைக் கருவியால் தோண்டிய பள்ளங்களில் மை நிறைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமாக்கிய தாளை அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். பள்ளத்தின் ஆழமும் சாய்வும் நீளமும் ஒரு கோட்டுக்கும் மற்றொரு கோட்டுக்கும் வேறுபடும் ஆதலின், பன்னிரண்டு முகங்களும் பன்னிரண்டு வகையாயின.

அந்த வேறுபாடுகளை முதியவர் ஒரு பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். ஒன்றில் மூக்கு கூர்மை, மற்றொன்றில் மழுங்கல். ஓரிடத்தில் இடப்பக்க எழுத்துகள் சட்டக் கோட்டை ஒட்டி நிற்கும், வேறோரிடத்தில் விலகும். தலைக்குப் பின்புலமாக நெருக்கமாக இழுத்த சாய்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் எங்கெங்கே சட்டத்தைத் தாண்டுகின்றன, எங்கே தொடாமல் நிற்கின்றன என்பதும் அடையாளமே. எல்லாவற்றிலும் எளிய அடையாளம் இரண்டு பென்ஸ் தகட்டின் ஏழாம் இடத்தில், அதாவது மூன்றாம் வரிசையின் முதல் தலையில் இருக்கிறது: அங்கே ‘பென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்காம் எழுத்தாகிய ‘சி’ வாய்மூடி ‘ஓ’ ஆகிவிட்டது. அந்த ஓரெழுத்தால், உலகின் எந்த மூலையில் கிடைத்தாலும் அத்தலையின் பிறப்பிடம் ஐயமின்றித் தெரிந்துவிடும். ஏனைய பதினொன்றுக்குப் பொறுமை வேண்டும்.

வடிவங்களைப் பிரித்துவிட்டால் பன்னிரண்டு வகைகள் உண்டு என்பது தெரியுமேயன்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியாது. முழுத் தாள் கையில் இல்லாதபோது அதனை அறியும் வழி, வெட்டுப்படாமல் ஒட்டியே எஞ்சிய இணைகளையும் மூன்று தலைப் பட்டைகளையும் தேடுவதாகும். ‘அ’ என்ற வகையும் ‘ஆ’ என்ற வகையும் ஓர் இணையில் அருகருகே இருந்து, ‘ஆ’ மற்றோர் இணையில் ‘இ’க்கு மேலே இருந்தால் மூன்றின் உறவும் உறுதிப்படும்; தாளின் வெற்று விளிம்பு ஒட்டியிருக்கும் தலை தன் வரிசையின் ஓரத்தில் இருந்ததைச் சொல்லும். இவ்வாறு உறவுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு முழுத்தாள் தாளின்றியே மீட்டெடுக்கப்படுகிறது. சேகரிப்பாளர்கள் பன்னிரண்டு இடங்களுக்கும் ஒவ்வொரு தலை தேடி வைத்து நிரப்பும் தொகுதியைத் தகட்டு மீட்டமைப்பு என்பர். முதியவரிடம் மூலத் தலை ஒன்றும் இல்லை. வாங்கும் வசதி தமக்கு என்றும் இருந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே கூறிய அவர், ஏலப் பட்டியல்களில் அச்சாகும் படங்களுக்கு இடம் குறித்துப் பழகியே இக்கலையைக் கற்றிருந்தார். விடைபெறும்போது அவர் வாங்கித் தந்த அலூடா, பாலும் துளசி விதையும் கடற்பாசிக் கூழும் கலந்த குளிர்பானம், அங்காடியின் வெக்கையில் பெரும் ஆறுதலாக இருந்தது.

பாம்ப்லெமூஸ் வழி: தேய்மானம்

வடக்கே பாம்ப்லெமூஸ் நோக்கிச் செல்லும் சாலை, நகர எல்லையில் கைலாசன் கோயில் என்று மக்கள் வழங்கும் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலை அடுத்துச் செல்கிறது. கோபுரத்தின் வண்ணங்களும் பிராகாரத்தின் குளிர்ச்சியும் தமிழ்நாட்டுக் கோயிலையே நினைவூட்டினாலும், மதுரையின் நெரிசலுக்குப் பழகியவருக்கு இங்குள்ள அமைதி புதிது. அர்ச்சனைக்கு வந்த குடும்பம் கிரியோலில் பேசிக்கொண்டே வந்து, சன்னிதியில் மட்டும் தமிழ்ப் பாடலுக்கு மாறியது. விழா நாட்களில் வாழையிலையில் ஏழு கறிகளோடு பரிமாறும் விருந்து இங்குள்ள தமிழர்க்கு மட்டுமன்றித் தீவு முழுமைக்கும் விருப்பமான உணவாகிவிட்டது என்று பரிமாறுவோர் பெருமையுடன் கூறினர்.

கோயிலைக் கடந்தால் இருபுறமும் கரும்பு. வயல்களின் நடுவே பிரமிடு வடிவில் குவிக்கப்பட்ட கருங்கற்கள், உழவுக்காக நிலத்திலிருந்து பொறுக்கி அகற்றப்பட்ட எரிமலைப் பாறைகள், ஒப்பந்தக் கூலிகளின் உழைப்புக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் பேரரசின் முதன்மையான சர்க்கரைக் காலனியாக இத்தீவை உயர்த்தியது இக்கரும்பே. வணிகம் பெருகியபோது தலைகளின் தேவையும் தொடர்ந்தது. தேவைக்கேற்ப அதே செம்புத் தகடுகள் மீண்டும் மீண்டும் அச்சுக்கு ஏறின. செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும் அதன் மேற்பரப்பு மிக நுண்ணிய அளவில் தேயும். ஆழம் குறைந்த கோடுகள் முதலில் மறையும்.

இதன் விளைவாக ‘போஸ்ட் பெய்ட்’ தலைகளைப் பட்டியலிடுவோர் அவற்றை ஐந்து தேய்வுநிலைகளாகப் பகுத்துள்ளனர். முதல் நிலையில் செதுக்கல் ஆழமாகவும் கூர்மையாகவும் விளங்கும். அடுத்த நிலையில் சில கோடுகள் மட்டும் தளர்ந்திருக்கும். இடைநிலையில் ஆங்காங்கே வெண்திட்டுகள் தோன்றும். தேய்ந்த நிலையில் சாய்கோடுகள் சிலவே மிஞ்சும். இறுதி நிலையில் தலையின் ஒரு பகுதியும் சட்டமும் தவிர வேறொன்றும் இராது. ஆகவே ஒரு தலையின் இருப்பிடம் இரு வகையில் அமைகிறது: தகட்டில் எந்த இடம் என்பது ஒன்று, தகட்டின் வாழ்நாளில் எந்தக் கட்டம் என்பது மற்றொன்று. முதலாவதைக் காட்டும் கோடுகளையே இரண்டாவது அழித்துக்கொண்டு போவதால், இறுதி நிலைத் தலைகளுக்கு இடம் காண்பது எழுத்துகளின் நிற்புநிலையையும் சட்டத்தின் கோணலையும் மட்டுமே நம்பிச் செய்யும் கடினமான வேலையாகிறது.

மோக்கா: இரு வேறு பதிவேடுகள்

கடற்கரையின் வெப்பத்திலிருந்து மேட்டுநிலமான மோக்காவுக்கு ஏறுகையில் காற்று குளிர்கிறது. மாலை வேளையில் மெல்லிய தூறல் இங்கு வழக்கம். 1748இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய ல ரெத்வீ மாளிகை, ஆளுநர்களின் இல்லமாக இருந்து, இன்று குடியரசுத் தலைவரின் மாளிகையாக மரங்களுக்கிடையே மறைந்துள்ளது. அங்கே ஆளுநர்கள் வாழ்ந்த நாட்களில், பர்னார்டின் தகடுகள் தேய்ந்து பயனற்றுப்போன 1859ஆம் ஆண்டு, இத்தீவின் அஞ்சல்தலைகளுக்கு நெருக்கடி ஆண்டாக இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் லப்பிரோ என்பவர் செதுக்கிய பன்னிரண்டு தலைத் தகட்டிலிருந்து புதிய இரண்டு பென்ஸ் தலை வந்தது. அரசியின் கூந்தலைக் கட்டிய பட்டை அதில் மெல்லியதாக இருப்பதால் சிறுபட்டைத் தலை என்று அது அறியப்படும். அதுவும் விரைவில் தேயவே, ராபர்ட் ஷெர்வின் என்பவர் பர்னார்டின் பழைய இரண்டு பென்ஸ் தகட்டையே எடுத்து மறுபடியும் செதுக்கினார். அக்டோபரில் வெளிவந்த அத்தலையில் கூந்தல் பட்டை அகலமானது. ஆண்டிறுதியில் தார்தென் என்ற அச்சகத்தார் செம்பை விட்டுக் கல்லச்சுக்கு மாறினர்.

இவற்றுள் ஷெர்வினின் தலை தகட்டிடம் அறிவோருக்குத் தனிச் சுவை தருவது. ஒரே தகட்டின் ஒரே இடத்தில் இருவர் கை படிந்திருப்பதால், பர்னார்டின் ஏழாம் முகம் ஷெர்வினின் ஏழாம் முகமாக எப்படி மாறியது என்று ஒப்பிட அது இடம் தருகிறது. கல்லச்சு முறை வேறு வகைப் புதிரை எழுப்பும். அதில் வரைந்த மூலத்தைப் படியெடுத்துக் கல்லில் பலமுறை பதிப்பதால், மூலத்தின் குறை எல்லாப் படிகளிலும், படியெடுக்கையில் நேர்ந்த குறை சில படிகளில் மட்டும் தோன்றும். 1854இல் கேப்டன் துயிலியர் மேற்பார்வையில் கல்கத்தாவில் அச்சான இந்தியாவின் அரை அணாத் தலைகளும் கல்லச்சே ஆதலின், அவற்றைப் பயின்ற இந்தியச் சேகரிப்பாளர்க்கு இம்முறை பழக்கமானது.

மோக்காவிலேயே மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. ஆப்பிரவாசி காட்டில் எழுதப்பட்ட குடிவரவுப் பதிவேடுகள் அதன் காப்பகத்தில் உள்ளன. கப்பலின் பெயர், வந்தவரின் பெயர், தந்தையின் பெயர், வயது, உயரம், உடலில் உள்ள வடு, ஊர் என்று கட்டம் கட்டமாக நிரப்பிய அப்பேரேடுகளில், 1860களின் இடைப்பகுதி முதல் ஒளிப்படங்களும் சேர்ந்தன. அன்றைய நாளில் தம் கொள்ளுப்பாட்டனாரைத் தேடி வந்திருந்த ஒரு பெண்மணி, ஆங்கில எழுத்தரின் செவிக்கு எட்டியவாறெல்லாம் எழுதப்பட்ட ‘முத்துசாமி’யின் பல வடிவங்களைத் தாளில் வரிசையாக எழுதி வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். காப்பகப் பணியாளர், பெயரை மட்டும் நம்ப வேண்டாம் அம்மா என்று அவரிடம் கனிவாகக் கூறி, தந்தை பெயரையும் வடுவையும் கப்பலையும் சேர்த்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். அஞ்சல்தலையில் இணைகளைக் கொண்டு இடம் காண்பதும், பேரேட்டில் தந்தை பெயரையும் கப்பலையும் கொண்டு ஆளைக் காண்பதும் அறிவு முறையால் ஒன்றே: தனித்து நிற்கும் அடையாளம் ஐயத்துக்கு இடமாகும், அருகில் இருந்தவற்றோடு அதற்குள்ள உறவே அதனை உறுதிப்படுத்தும். ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறைக்க இயலாது. தலைகளின் இடத்தை அறிவது அறிவின் இன்பத்துக்காக. அப்பெண்மணியின் தேடலோ எந்த ஊரிலிருந்து தாம் அறுபட்டோம் என்பதை அறிவதற்காக.

லண்டன்: எழுத்திட்ட தாள்கள்

பயணத்தின் இறுதிக் கட்டம் லண்டனில் அமைந்தது. மொரீஷியஸ் தலைகளுக்கு முன்மாதிரியான தலை பிறந்த ஊர் அது. கிளார்க்கன்வெல் பகுதியில் 2017இல் திறக்கப்பட்ட அஞ்சல் அருங்காட்சியகத்தில், 1840 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கின் தாள்களைக் காணலாம். பர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் பின்பற்றிய முறையில் ஒரே ஒரு முகம் எஃகில் செதுக்கப்பட்டு, எஃகைக் கடினமாக்கியபின் ஓர் உருளையில் அழுத்தி எடுக்கப்பட்டு, அவ்வுருளையிலிருந்து தகட்டில் இருநூற்று நாற்பது முறை உருட்டிப் பதிக்கப்பட்டது. எல்லா முகங்களும் ஒரே முகத்தின் படிகள் ஆதலால், போலிகளைத் தடுக்கும் நோக்குடன் ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் எழுத்துகள் அடிக்கப்பட்டன: இடப்பக்க எழுத்து இருபது வரிசைகளுள் எது என்பதையும், வலப்பக்க எழுத்து அவ்வரிசையின் பன்னிரண்டு தலைகளுள் எது என்பதையும் காட்டும். எனவே பென்னி பிளாக்கின் இடத்தை எந்தச் சிறுவனும் படித்துச் சொல்லிவிடுவான். கடினமான கேள்வி வேறு: பதினொரு தகடுகளுள் எதிலிருந்து வந்தது அத்தலை? தகட்டு எண் தலையில் இல்லை. ஆனால் மூலையெழுத்துகள் மட்டும் சுத்தியலால் கையாலேயே அடிக்கப்பட்டவை ஆதலின், கட்டத்துக்குள் அவை எவ்வளவு சாய்ந்துள்ளன, எந்தப் பக்கம் ஒதுங்கியுள்ளன என்பது தகட்டுக்குத் தகடு வேறுபடும்; அதை அளந்தே தகட்டைக் கண்டறிகின்றனர். சார்ல்ஸ் நிசன் 1922இல் இதற்கென்றே பெரிய நூலொன்றை வெளியிட்டார்.

இரு நகரங்களையும் அடுத்தடுத்துக் கண்டவருக்கு அவற்றின் கேள்விகள் ஒன்றுக்கொன்று தலைகீழானவை என்பது விளங்கும்: லண்டனில் இடம் தெரியும், தகடு தெரியாது, போர்ட் லூயியில் தகடு தெரியும், இடம் தெரியாது. இரண்டிலும் விடை தருவது ஒன்றே. இயந்திரம் பிழையின்றிப் படியெடுத்த பகுதியில் ஒரு தகவலும் இல்லை. மனிதக் கை பட்ட பகுதியில்தான், அது மூலையெழுத்தின் சாய்வாயினும் அரசியின் மூக்காயினும், அடையாளம் இருக்கிறது. லண்டன் தன் தகடுகளில் கையை மூலைக்கு ஒதுக்கியது. பர்னார்டுக்கு அந்த உருளை கிட்டாததால் அவர் தகடு முழுவதுமே கையின் பதிவாயிற்று.

செயின்ட் பங்க்ரஸ் பகுதியில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் தாப்ளிங் 1891இல் நாட்டுக்கு விட்டுச்சென்ற தொகுப்பின் ஒரு பகுதி, இழுத்துப் பார்க்கும் செங்குத்துச் சட்டங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அருகே மாணவர்கள் மடிக்கணினியில் தலைகவிழ்ந்திருக்க, நூலகக் கூடத்தின் ஓசைகளுக்கு இடையே சட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, விளக்கு அணைக்கும் நேரக் கட்டுப்பாடும் இல்லை. சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவில் புதிய தலைகளுக்காக வரிசையில் நிற்கும் சிறுவர்களுக்கு இத்தகைய பழந்தலைத் தொகுப்பு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் திறந்து கிடக்குமானால், அவர்களுள் சிலரேனும் விலையைவிடக் கோடுகளைப் பார்க்கப் பழகுவர் என்ற எண்ணம் அங்கே எழுவது இயல்பு.

கௌடனில் மணிக்குச் சில நிமிடங்கள் ஒளிரும் இரு தலைகள் அரிதானவை என்பதால் புகழ்பெற்றவை. அவற்றை ஒருமுறை கண்டால் போதும். பர்னார்டின் கையை அறிய விரும்புவோர் நாடவேண்டியது அடுத்த ஆண்டின் தகடுகளை. ஒரே முகத்தைப் பன்னிரண்டு முறை வெட்டியும் ஒருமுறைகூட அதையே திரும்ப வெட்ட முடியாத ஒரு தொழிலாளியைப் பற்றி ஆவணங்கள் சொல்லாத பலவற்றை அத்தகடுகள் சொல்கின்றன. அவற்றைப் படிக்கப் பெருந்தொகை தேவையில்லை, பெரிதாக்கிய நகலும் பென்சிலும் போதும் என்பதை அங்காடித் தெருவின் முதியவர் தம் வாழ்நாளால் நிறுவியிருக்கிறார்.